தோல் மூடிய பிறகு

அமுலு எங்கள் துறையின் வெற்றிகளில் ஒருத்தி. நாங்கள் எழுதிய கட்டுரையில், பிழைத்தவர்களின் கணக்கில் அவளும் இருக்கிறாள். இன்றைக்கும் இருக்கிறாள். அவள் செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இந்த இரண்டில் எதுவும் பொய்யில்லை. அதுதான் இன்னும் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

தோல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் பணிக்காலத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். ஊக்கம் தருவதாக இருந்தால் நல்லது என்று கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தீர்கள். ஊக்கம் தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆண்டுவிழா மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு தருகிறார்கள். ஓய்வு பெற்றவளுக்கு உள்ள ஒரே வசதி, இனி யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டியதில்லை என்பது. அந்த வசதியோடு எழுதுகிறேன்.

அமுலுவுக்கு வந்த நோயைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நேரில் பார்த்தவர்கள் உங்களில் ஓரிருவர்தான் இருப்பீர்கள். ஏதோ ஒரு நோய்க்கு எழுதிக் கொடுத்த சாதாரண மருந்து, ஒருவருடைய உடம்புக்கு மட்டும் ஒவ்வாமல் போய்விடும். கொதிநீர் கொட்டியதுபோல் உடம்பெல்லாம் தோல் உரியும். கண்ணும் வாயும் உள்ளே வெந்து போகும். ஆயிரம் பேர் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிற அதே மாத்திரைதான்.

அமுலுவின் வீடு கோவில்பதாகையில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் சட்டைகளைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் விரித்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்க வேண்டும். புருஷன் ஏழுமலை தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பாரிவாக்கம் பக்கத்துக் கிணறுகளில் ஏற்றி, அடுக்குமாடிகளில் இறக்குவார். ஒரே மகள் நிவேதா, அப்போது எட்டாம் வகுப்பு.

அமுலுவுக்கு வலது தாடையில் ஒரு நரம்பு வலி. பல் தேய்த்தால், முகத்தில் காற்று பட்டால், ஷாக் அடித்ததுபோல் சுரீரென்று இழுக்கும். அதற்கு ஒரு மருத்துவர் மாத்திரை எழுதினார். சரியான மாத்திரைதான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். வலி போயிற்று. சில நாளில் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, வாயில் புண் வந்தது. அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டினார்கள். வலி மாத்திரையை மட்டும் அவள் விடவில்லை. ஒழுங்காக, வேளை தவறாமல் போட்டாள்.

ஒரு முற்பகலில் ஏழுமலை அவளை ஆட்டோவில் தூக்கிவந்தார். பழைய நூல் புடவை ஒன்றைப் போர்த்தியிருந்தார். அதை எடுத்தபோது தோளிலிருந்து தோலும் கூட வந்தது. புறநோயாளிப் பிரிவில் காத்திருந்தவர்கள் எழுந்து நகர்ந்து நின்றார்கள்.

இங்கே எங்கள் துறைத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வேண்டாம். நான் கற்ற தொழிலில் பாதிக்கு மேல் அவரிடம் கற்றது. அன்று அவர் அமுலுவை ஒருமுறை பார்த்தார். ஏழுமலையிடம் கேட்டது ஒரே கேள்வி, புதிதாக என்ன மாத்திரை என்று. ஏழுமலை சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். சீஃப் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பொது மருத்துவத் துறையிலிருந்து வந்த ஒருவர், தொற்று வராமலிருக்க இன்னின்ன மருந்தை இப்போதே ஏற்றிவிடலாம் என்றார். சீஃப் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த உடம்பு எதைப் பார்த்தாலும் மிரள்கிற நிலையில் இருக்கிறது, அவசியம் இல்லாத ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது என்றார். வந்தவர் பதவியில் பெரியவர். குரல் உயர்ந்தது. சீஃப் குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை.

அவளை வாழை இலை பரப்பிய படுக்கையில் கிடத்தினோம். துணி ஒட்டும், இலை ஒட்டாது. கண் மருத்துவரை விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தார் சீஃப். ஞாயிற்றுக்கிழமையும் வந்து அவள் குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் தானே கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் இல்லாவிட்டால் அமுலு அந்த வாரமே போயிருப்பாள். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். இனி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். கெட்ட மருத்துவரைப் பற்றிக் கதை சொல்வது சுலபம்.

படுக்கையில் கிடந்தபோது அமுலு ஒவ்வொன்றையும் கேட்பாள். நர்ஸ் ஊசியோடு வந்தால், “இத்து இன்னா?” சொட்டு மருந்து கொண்டுவந்தால், “இத்து இன்னா?” பெயரைச் சொல்லச் சொல்லி, வெந்த உதட்டால் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். அக்கறையுள்ள நோயாளி என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். ஒருநாள் கட்டு மாற்றி முடித்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“நானே தண்ணி ஊத்திகினு நானே முழுங்குனேன் டாக்டரம்மா. யாரும் வாயத் தொறந்து போடல. என் கைதான்.”

உடம்பு வலியில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

தோல் மூடிற்று. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருந்தன, ஆனால் மூடிற்று. வீட்டுக்குப் போகிற அன்று துறையே வாசலில் நின்றது. சீஃப் அவளிடம் அந்த மருந்தின் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்துத் தெளிவாகச் சொன்னார். “இந்த மருந்து இனி உங்க உடம்புல படவே கூடாது. வேற எந்த மாத்திரையா இருந்தாலும் டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. இன்னொரு தடவை வந்தா என்னாலயும் காப்பாத்த முடியாது.”

மூன்று வாக்கியம், மூன்றும் சரி. அவள் மூன்றாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் கட்டுரை வேலை தொடங்கியது. இந்த நோய்க்கு எங்கள் துறையில் இரண்டு விதமாகச் சிகிச்சை செய்துவந்தோம். எதில் பலன் அதிகம் என்று பார்க்க, வந்த நோயாளிகள் எல்லோரையும் தொகுத்து எழுதலாம் என்று சீஃப் முடிவு செய்தார். நல்ல முடிவு. பலன் என்றால் எது என்பதுதான் கேள்வி. சீஃப் இரண்டு சொன்னார்: ஆள் உயிரோடு வீட்டுக்குப் போனாரா, தோல் மூட எத்தனை நாளாயிற்று. நான் மூன்றாவதாக ஒன்று கேட்டேன். வீட்டுக்குப் போனவர்களைச் சில மாதங்கள் கழித்துக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் சேர்க்கலாம் என்றேன்.

“எப்படி இருக்காங்கன்னா? ஒருத்தி நல்லாருக்கேம்பா, ஒருத்தன் தூக்கம் வரலம்பான். அதை எப்படிம்மா கூட்டிக் கழிக்கிறது?” என்றார் சீஃப். “உயிர் இருக்கு, தோல் மூடியிருக்கு. அதுக்கு மேல இருக்கிறது வாழ்க்கை. வாழ்க்கைக்கு நம்மகிட்ட வைத்தியம் இல்ல.”

துறைக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அழகாகச் சொன்னார், அதனால் சிரித்தார்கள். அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. சாவை யார் எண்ணினாலும் ஒரே எண்தான் வரும். நிம்மதியை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வரும். ஆனால் எண்ணச் சுலபமானதை மட்டும் எண்ணிக்கொண்டே போனால், எண்ணாமல் விட்டதெல்லாம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. யாரும் அதை மறைப்பதில்லை. கேட்காமல் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை அமுலு மறுபரிசோதனைக்கு வந்தபோது நான் கேட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வெளிச்சம் பார்த்தால் கண் குத்துகிறது, குழல்விளக்கின் கீழ் வெள்ளைத் துணியைப் பார்க்க முடியவில்லை, கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். அழுகை வந்தால் கண்ணீர் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. வாய் எப்போதும் காய்ந்துகிடக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணீரும் எச்சிலும் சுரக்கிற இடங்கள் வெந்து அடைத்துப்போனதன் விளைவு இது. கட்டுரையில் இதற்கு இடம் கிடையாது. தோல் மூடியிருந்தது.

ஏழுமலை அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

“இன்னொண்ணு கீது டாக்டரம்மா. போன மாசம் ஜொரம் வந்து துடிச்சுது. ஒரு பாராசிட்டமாலு போட மாட்டேன்னுது. கஷாயம் வெச்சுகினு சுருண்டு படுத்துகினு கெடக்குது. புள்ளைக்கு ஸ்கூல்ல இரும்புச்சத்து மாத்திர குடுக்கறாங்க இல்ல, அத்தக்கூட டீச்சர்கிட்ட போய் சண்ட போட்டு நிறுத்திடுச்சு.”

இதைக் கூட்டத்தில் சொன்னேன். இவள் உயிரோடு இருக்கிறாள், ஆனால் மருத்துவத்துக்கு வெளியே போய்விட்டாள், இதுவும் சிகிச்சையின் முடிவுதான் என்றேன். மனநலத் துறைக்கு அனுப்பு என்றார் சீஃப். அனுப்பினேன். அங்கே அவளுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். முடிவில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரைக்குப் பயப்படுகிறவளுக்கு மாத்திரை. நீங்கள் சிரிக்கலாம். நான் அந்தச் சீட்டைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தேன். அமுலு சிரிக்கவில்லை.

பிறகு ஒரு காலைப்பொழுது அவளை என் அறையிலேயே உட்காரவைத்துக்கொண்டேன். பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்து முன்னால் வைத்தேன். கட்டாயம் இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்றேன். நான் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, நான் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தபோது அவள் அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்து போகும்போது முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. என் பணிக்காலத்தில் ஒரு சிகிச்சை பலித்ததை நான் கண்ணால் பார்த்தது என்றால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

இன்னும் சில முறை அப்படி உட்காரவைத்திருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள். இது என் நம்பிக்கை, நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்த முறை என்று ஒன்று அவளுக்குக் கிடைக்கவில்லை. தோல் சீராகிவிட்டவர்களுக்கு மறுபரிசோதனை வேண்டாம் என்று துறையில் முடிவாயிற்று. வெளியே நடைபாதை வரைக்கும் கூட்டம் நிற்கும்போது, குணமானவர்களை வரவழைத்து நாற்காலியை அடைக்கலாமா என்று கேட்டார் சீஃப். நடைபாதையில் கூட்டம் நின்றது உண்மை. குணமானவள் என்ற சொல் எங்கே தயாரானது என்று பாருங்கள். அளக்க எடுத்துக்கொண்ட இரண்டு கேள்விகளில் தயாரானது. அது கட்டுரையோடு நிற்கவில்லை, எழுந்து வந்து என் அறைக் கதவையும் சாத்திற்று.

நான் அமுலுவுக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். எதற்கென்றாலும் கூப்பிடு என்றேன். அவள் கூப்பிடவில்லை. நானே இரண்டொரு முறை கூப்பிட்டேன். நல்லாகீறேன் டாக்டரம்மா என்றாள்.

வாய் காய்ந்துகிடந்தால் பல் அரிக்கும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். அமுலுவின் வலது கீழ்க் கடைவாய்ப் பல் அரித்து, வேரில் சீழ் வைத்தது. வலி முன்பு நரம்பு வலி வந்த அதே தாடையில். அவள் என்ன நினைத்தாள் என்று ஏழுமலை பிற்பாடு சொன்னார். பழைய வலிதான் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பழைய வலி என்றால் பழைய மாத்திரை. அதனால் வாயைத் திறக்கவில்லை. கிராம்பு வைத்து அழுத்திக்கொண்டாள். கன்னம் வீங்கியபோது முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். டாக்டரம்மாவுக்குப் போன் போடுகிறேன் என்று ஏழுமலை சொன்னதற்கு, அவங்க மாத்திரதான் போடச் சொல்வாங்க என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். கடைசியில் எச்சில்கூட விழுங்க முடியாமல் கழுத்தெல்லாம் வீங்கி நின்றபோது ஏழுமலை லாரியை வழியிலேயே நிறுத்திவிட்டு வந்து அவளைத் தூக்கினார். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைச் சுருக்கியிருந்த இடத்தில் ஆட்டோ நகரவே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்னை அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். காலைப் பணி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முகம், தாடைக்கான அறுவை மருத்துவர் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். உங்கள் வயதுதான் இருக்கும், கெட்டிக்காரர். கழுத்தில் சீழ் இறங்கிவிட்டது, மூச்சுக்குழாய் அடைபடலாம், உடனே மருந்து ஏற்றி அறுவைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். நோயாளி கையைத் தரமாட்டேன் என்கிறார். சுயநினைவோடு இருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், வேண்டாம் என்கிறார்.

அமுலு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு கையையும் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஏழுமலை என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“அத்தக் கேக்காதீங்க டாக்டரம்மா. நாங்க நாலு பேரு புடிச்சுக்கறோம். நீங்க ஊசியப் போட்டுடுங்க.”

அறுவை மருத்துவரும் கிட்டத்தட்ட அதே யோசனையில்தான் இருந்தார். மயக்கம் கொடுத்துவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை என்றார். உங்களுக்கு ஒருநாள் இப்படி ஒரு நிலை வரும். அதனால் நான் நினைத்ததைச் சொல்கிறேன். நாலு பேர் பிடித்து ஏற்றினால் மருந்து உள்ளே போகும். அவள் பிழைத்தால், அதற்குப் பிறகு எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்க மாட்டாள், மகளையும் மிதிக்க விடமாட்டாள். அது ஒன்று. இன்னொன்று, அவள் வேண்டாம் என்றது பைத்தியத்தால் அல்ல. அவளுடைய உடம்பு கற்றுக்கொடுத்ததை வைத்துச் சொன்னாள். எங்களை நம்பி விழுங்கியவளுக்கு ஒருமுறை என்ன நடந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மயக்க மருத்துவரைத் தயாராகப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். இது நரம்பு வலி இல்லை, பல்லில் வந்த சீழ், அந்தப் பழைய மருந்துக்கும் இதற்கும் உறவே இல்லை என்று சொன்னேன். நாக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்ததால் அவள் பேச்சு குழறியது. குனிந்து கேட்டேன்.

“மறுபடியும் உரிஞ்சா?”

உரியாது என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நின்ற எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

“உரியாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது அமுலு. உரியும்னு நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல. இதை ஏத்தலைன்னா நீ பிழைக்க மாட்ட. அது எனக்கு நல்லாத் தெரியும்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு புடவைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள்.

“நீங்க இத்தப் பாத்துகினே இருங்க. எதுனா வந்தா நிறுத்திடுங்க.”

மருந்து ஏறிற்று. அறுவைக்குக் கூடவே போனேன். அவள் கை என் கையில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மயக்கத்தில் போன பிறகும் பார்த்தேன். ஒப்புக்கொண்டிருந்தேனே.

கழுத்தைத் திறந்து சீழை எடுத்தார்கள். ஆனால் அது நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. தீவிரப் பிரிவில் சில நாள் இழுத்துக்கொண்டிருந்து இறந்துபோனாள். நான் அவளோடு பேசிய அந்த நேரத்தால் ஏதாவது கெட்டதா என்று அறுவை மருத்துவரைத் தனியாகக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இல்லை மேடம், அஞ்சாறு நாள் முன்னாடி ஒரு சாதாரண மாத்திரை போட்டிருந்தா இங்க வந்தே இருக்க மாட்டாங்க என்றார்.

உடலை ஒப்படைக்கும் முன் நான் போய்ப் பார்த்தேன். தலை முதல் கால் வரை ஒரு கொப்புளம் இல்லை. எங்கள் அளவுகோலின்படி மிகச் சிறப்பாகக் குணமான தோல்.

இறப்புச் சான்றிதழில் காரணமாக என்ன எழுதியிருக்கிறது என்று ஏழுமலை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். பல்லிலிருந்து பரவிய தொற்று என்று படித்தேன்.

“பயத்தால செத்துச்சுன்னு அதுல ஒரு வார்த்த போடக் கூடாதா டாக்டரம்மா?”

அப்படி எழுத வழியில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சீஃபிடம் போய்ச் சொன்னேன். உண்மையில் வருத்தப்பட்டார். அவருக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. அவள் கண்ணுக்காகத் தான் போட்ட சண்டைகளைச் சொன்னார். பிறகு கேட்டார்.

“தோல்ல ஏதாவது வந்துதா?”

“இல்ல சார்.”

“அப்போ இந்தத் தடவை நம்ம ஏத்தின மருந்து தப்பு பண்ணல,” என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

கட்டுரை அப்போது வெளிவரவில்லை, திருத்த நேரம் இருந்தது. இவளைப் பற்றி நான்கு வரி சேர்க்கலாம் என்று கேட்டேன். பிழைத்தவர்கள் மருந்தைக் கண்டு ஓடுகிறார்களா, கண்ணும் வாயும் எப்படி இருக்கின்றன, வேலைக்குத் திரும்ப முடிந்ததா, இவற்றைக் கேட்காமல் பலனை அளந்ததாகச் சொல்ல முடியாது என்று எழுதியும் கொடுத்தேன். பல் தொற்று வேறு துறை, மரணம் நாங்கள் பார்த்த காலத்துக்கு வெளியே, சேர்த்தால் கேள்வி வரும் என்றார். கேள்வி வரட்டும் என்றுதான் சார் கேட்கிறேன் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. கட்டுரை வந்தது, பாராட்டும் வந்தது. என் பெயரும் அதில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதினேன், அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

நான் பிறகு அமுலுவைப் போன்ற பலரை வீட்டுக்கே தேடிப்போய்ப் பார்த்தேன். ஆவடியில் ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். அம்பத்தூரில் ஒரு பெண், பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லோரும் எங்கள் கணக்கில் குணமானவர்கள். ஆகையால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனவர் திரும்ப வந்தால், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மாத்திரையைப் போடாமல் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார்கள். நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்காரவிடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பூந்தமல்லியில் ஒரு சின்ன அறையில் மாலை வேளைகளில் நோயாளிகளைப் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஏழுமலை நிவேதாவைக் கூட்டிவந்தார். கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நல்ல காய்ச்சல், உடம்பு கொதித்தது. நாலு நாளாக எதுவும் போடவில்லை என்றார். இவர் கொடுக்கவில்லையா, அவள் போடவில்லையா என்று நான் கேட்கவில்லை. இருவர் முகமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

பாராசிட்டமாலை எடுத்து மேசைமேல் வைத்தேன். நிவேதா அதைப் பார்த்தாள்.

“இங்கயே ஒக்காந்துகினு போட்டுக்கட்டா டாக்டர்?”

உட்காரச் சொன்னேன். மற்றவர்கள் வந்து போனார்கள். வெளியே மழை விட்டது. கடைசி நோயாளி போன பிறகு அவள் அதை விழுங்கினாள். காய்ச்சல் இறங்கும் வரைக்கும் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். நெற்றி வியர்த்ததும் ஏழுமலை துண்டால் துடைத்துவிட்டார். மறுநாளைக்கு வேண்டிய மாத்திரைகளை உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் போய் அதைப் போட்டாளா என்று எனக்குத் தெரியாது.